சம்மரில் பயாலஜி எடுக்கலாமா? ஈக்கு அவசரம் தெரியாது

மார்ச் பிறந்துவிட்டால் போதும், ஒரே கேள்வி வெவ்வேறு வீடுகளிலிருந்து என் வாட்ஸ்அப்புக்கு வர ஆரம்பித்துவிடும். "அக்கா, பையன் பயாலஜியை சம்மர்லயே முடிச்சிடறேங்கிறான், விடலாமா?" கேட்பவர்கள் பெரும்பாலும் ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கத்துத் தமிழ் வீட்டுக்காரர்கள். பிள்ளை ஏதோ ஒரு யூசியில், அதாவது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஒரு கிளையில், முதலாண்டு முடிக்கப்போகிறது. டாக்டர் கனவு பிள்ளைக்கோ பெற்றவர்களுக்கோ இருக்கிறது. ஃபாலில், அதாவது கோடைக்குப் பிறகு வரும் பருவத்தில், கெமிஸ்ட்ரியும் பயாலஜியும் சேர்ந்து வந்தால் தூக்கமே இருக்காது என்று யாரோ ஒரு சீனியர் பயமுறுத்தி வைத்திருக்கிறார். நான் கலிபோர்னியாவில் மாஸ்டர்ஸ் படித்த காலத்தில் இரண்டு கோடைகள் முதலாண்டு பயாலஜி லேபில் டிஏவாக, அதாவது பேராசிரியருக்குத் துணையாக லேப் நடத்துகிறவளாக, இருந்தேன், அதனால்தான் இந்தப் பஞ்சாயத்து என்னிடம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது, மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் கணக்கு. இங்கே ஒரு யூனிட் என்றால் வகுப்பும் வீட்டுப் படிப்பும் சேர்த்து வாரத்துக்கு 3 மணி நேர உழைப்பு, செமஸ்டர் கணக்கில் 15 வாரத்துக்கு. ஆக ஒரு யூனிட்டுக்கு 45 மணி, 4 யூனிட் பயாலஜிக்கு 180 மணி. இதை 15 வாரத்தில் பரப்பினால் வாரம் 12 மணி. 8 வார சம்மரில் போட்டால் 22 மணிக்கு மேல். 6 வாரத்தில் போட்டால் 30 மணி. அப்படியே இன்னொரு 4 யூனிட் பாடத்தையும் சேர்த்து எடுத்தால் வாரம் 60 மணி, அதற்கு மேல் பார்ட் டைம் வேலை வேறு என்று ஒரு பையன் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன், அவன் கோபித்துக்கொண்டான், மூன்றாவது வாரம் வேலையை விட்டான்.

இந்த மணிக்கணக்கு காகிதத்தில் அவ்வளவாகப் பயமுறுத்தாது. உள்ளே போனால்தான் தெரியும். ஃபாலில் திங்கட்கிழமை காய்ச்சல் வந்து புதன்கிழமை எழுந்தால் ஒரு லெக்சர் போயிருக்கும், நண்பனிடம் நோட்ஸ் வாங்கிச் சமாளிக்கலாம். ஆறு வாரக் கோடையில் அதே காய்ச்சலில் செல் சவ்வு முடிந்து, செல் சுவாசம் முடிந்து, ஒளிச்சேர்க்கை பாதியில் நிற்கும், மறுநாள் முதல் மிட்டெர்ம். லேப் வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் மூன்று நான்கு மணி நேரம். திங்கள் லேப் ரிப்போர்ட்டை எழுதி முடிப்பதற்குள் புதன் லேப் வந்துவிடும். நான் திருத்திய ரிப்போர்ட்டுகளில் முதல் இரண்டு வாரத்தில் முடிவுரை என்று ஒரு பக்கம் இருக்கும், நான்காம் வாரம் அரைப் பக்கமாகும், ஐந்தாம் வாரம் "மேலே உள்ள அட்டவணையைப் பார்க்கவும்" என்று ஒரு வரி. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வந்ததில்லை.

சரி, மணிக்கணக்கு மட்டும்தான் சிக்கல் என்றால் கால்குலஸுக்கும் அதே கதைதானே? பயாலஜியில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இதில் படிக்கிற பிள்ளை மட்டும் இல்லை, படிக்கப்படுகிற உயிரும் ஒன்று இருக்கிறது. பிள்ளை அவசரப்படலாம், அது அவசரப்படாது.

பழ ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். வாழைப்பழம் கொஞ்சம் கனிந்துவிட்டால் எங்கிருந்தோ வந்து மொய்க்குமே, அதே சின்ன ஈதான். 1910-இல் தாமஸ் ஹன்ட் மார்கன் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கண் ஆண் ஈயைக் கண்டு, அந்த நிறம் பாலினத்தோடு சேர்ந்தே கடத்தப்படுகிறது என்று காட்டினார். மரபியல் லேபில் பிள்ளைகள் இன்றும் அந்தக் கலப்பைத்தான் செய்கிறார்கள். வெள்ளைக் கண் பெண், சிவப்புக் கண் ஆண். பிறக்கிற மகள்கள் எல்லாம் சிவப்பு, மகன்கள் எல்லாம் வெள்ளை. கண்ணால் பார்க்கும்போது அது ஒரு சுகம். ஆனால் பெண் ஈ கூட்டிலிருந்து வெளிவந்த 8 மணி நேரத்துக்குள் அதைப் பிரித்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் அது ஏற்கெனவே இணைசேர்ந்திருக்கும், கணக்கு கெட்டுவிடும். 25 டிகிரியில் முட்டையிலிருந்து முழு ஈ ஆக 10 நாள். அந்தப் பிள்ளைகளைக் கலந்து பேரப்பிள்ளைகளைப் பெற இன்னொரு 10 நாள். எண்ணுவதற்கு இரண்டு மூன்று நாள். எல்லாம் சரியாக நடந்தால் நான்கு வாரத்துக்குள் முடியும், ஆறு வார வகுப்பில் நுழைத்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள்.

நான் டிஏவாக இருந்த முதல் கோடையில் ஜூலையில் ஐந்து நாள் வெயில் அலை வந்தது. பழைய கட்டடம், வார இறுதியில் மின்சாரம் மிச்சம் பிடிக்க ஏசியை நிறுத்திவிடுவார்கள், இன்குபேட்டரில் இடம் போதாமல் பாதிக் குப்பிகளை பெஞ்சிலேயே அடுக்கியிருந்தோம். ஈக்கள் சாகவில்லை, நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தன. நாங்களும் சந்தோஷமாக அவற்றைக் கலந்துவிட்டோம். வழக்கமாக ஐந்தாறு நாளில் குப்பியில் ஈக்களின் தீவனமாக இருக்கும் கூழ் முழுக்கச் சுரங்கம் தோண்டியது மாதிரி குழைந்து, வெள்ளைப் புழுக்கள் கண்ணாடியில் ஏறிக்கொண்டிருக்கும். அந்த வாரம் பெஞ்சுக் குப்பிகளில் கூழ் கடையிலிருந்து வந்த தயிர் மாதிரி வழவழவென்று அப்படியே இருந்தது. 30 டிகிரிச் சூட்டில் வளர்ந்த ஆண் ஈக்கள் மலடாகிவிடும் என்பது எனக்கு அப்போது புத்தக அறிவாக மட்டும் இருந்தது. ஃபாலாக இருந்திருந்தால் மறுபடி ஆரம்பித்திருப்போம். கோடையில் மிச்சம் இருந்தது 12 நாள். பாதி வகுப்புக்குப் போன வருடத்து எண்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, இதை வைத்து கை-ஸ்கொயர் (எண்கள் விதியோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் கணக்கு) போடுங்கள் என்றோம். அவர்களும் போட்டார்கள், நல்ல மார்க்கும் வாங்கினார்கள். தான் வளர்த்த ஒரு ஈயைக்கூட எண்ணாமல் மரபியல் முடித்தவர்கள் அவர்கள்.

ஆகவே மரபியல் லேபை ஆறு வாரத்தில் எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. எட்டு வாரம் என்றால் யோசிக்கலாம். பத்து வாரமும் சில இடங்களில் உண்டு, அது கிட்டத்தட்ட ஒரு குவார்ட்டர், அதாவது சில கல்லூரிகளின் வழக்கமான பருவம்தான், தைரியமாக எடுக்கலாம்.

எல்லா உயிரும் இப்படி மெதுவானது இல்லை. ஈ. கோலை பாக்டீரியா நல்ல சாப்பாடு கிடைத்தால் 20 நிமிடத்தில் இரண்டாகும், இன்று தட்டில் பூசி 37 டிகிரியில் வைத்தால் நாளைக்குப் புள்ளி புள்ளியாகக் குடும்பங்கள் தெரியும். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் இரண்டு மணி நேரம், அதைப் பிரித்துப் பார்க்கும் ஜெல் ஓட்ட முக்கால் மணி. பிகுளோ என்ற பரிசோதனை இங்கே பல முதலாண்டு லேபுகளில் உண்டு. ஜெல்லிமீனின் ஒரு மரபணுவை பாக்டீரியாவுக்குள் நுழைத்து, மறுநாள் புறஊதா விளக்கை அடித்தால் தட்டு முழுக்கப் பச்சையாக ஒளிரும். அறை விளக்கை அணைத்ததும் இருபத்து நான்கு பிள்ளைகளும் ஒரே குரலில் "ஓ" என்பார்கள். அந்த "ஓ" ஃபாலிலும் ஒன்றுதான், சம்மரிலும் ஒன்றுதான். மைக்ரோபயாலஜி, மாலிக்யுலர் பயாலஜி லேப் மாதிரியான பாடங்களைக் கோடையில் நெருக்கினால் பரிசோதனை கெடாது, பிள்ளையின் தூக்கம் மட்டும்தான் கெடும். சொல்லப்போனால் தினமும் லேபுக்கு வருவது இதற்கு நல்லது. செவ்வாய் பூசிய தட்டைப் புதன் வந்து பார்க்கலாம், ஃபாலில் அதை ஃபிரிட்ஜில் வைத்து அடுத்த செவ்வாய்தான் பார்ப்பார்கள்.

முதல் பயாலஜி, அதாவது செல், வளர்சிதை மாற்றம், மரபணு எல்லாம் சேர்ந்து வரும் பெரிய வகுப்பு, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. லேப் ஓடிவிடும். ஞாபகம்தான் ஓடாது. இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் படித்தால்தான் நிற்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-இலேயே தன் மேலேயே சோதித்து எழுதிவைத்துவிட்டார். நம் வீட்டுத் திருக்குறள் ஒப்பித்தல் போட்டிக்கு முந்தின நாள் இரவு ஏற்றிய குறள் போட்டி முடிந்த சாயங்காலமே எங்கே போனது என்று எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். ஆறு வாரத்தில், செல் ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சியை ஏற்றி ஏ வாங்கிவிடலாம். அடுத்த வருடம் பயோகெமிஸ்ட்ரியில் அதே சுழற்சி வரும்போது முதல்முறை பார்ப்பது போல விழிப்பார்கள், மருத்துவ நுழைவுத் தேர்வான எம்கேட்டுக்குப் படிக்கும்போது மூன்றாவது முறை முதல்முறையாகப் பார்ப்பார்கள். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி பயாலஜியை ஒழுங்காகப் படித்த பிள்ளைக்கு இது திரும்பிப் பார்ப்பதுதான், அவர்கள் சம்மரில் எடுக்கலாம். பயாலஜி என்றாலே ஒன்பதாம் வகுப்போடு விட்ட பிள்ளை ஃபாலிலேயே எடுக்கட்டும், கூட வரும் கெமிஸ்ட்ரியைப் பார்த்துக்கொள்ளலாம்.

இனி எங்கே எடுப்பது என்ற கேள்வி. இதில்தான் வீட்டுக்காரர் உள்ளே வருவார், ஏனென்றால் இது பணம்.

கலிபோர்னியா கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டு அரசுக் கல்லூரி) மாநிலவாசிக்கு ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு 46 டாலர், 2012-லிருந்து இதே விலைதான். 5 யூனிட் பயாலஜி 230 டாலர், அப்புறம் சில்லறைக் கட்டணங்கள், புத்தகம். டி ஆன்சா மாதிரி குவார்ட்டர் முறைக் கல்லூரியில் ஒரு குவார்ட்டர் யூனிட் 31 டாலர். யூசியின் சொந்த சம்மர் செஷனில் ஒரு யூனிட்டுக்கே சில நூறு டாலர். பிள்ளை வீட்டில் இருந்து போய்வரலாம், சாம்பார் சாதம் கிடைக்கும். கல்வித் தரத்தைப் பற்றி நம் ஆட்களுக்கு ஒரு இளக்காரம் உண்டு, "கம்யூனிட்டி காலேஜா" என்று இழுப்பார்கள். நான் அந்த இழுவையில் சேரமாட்டேன். யூசியில் முன்னூறு பேருக்கு நடுவில் திரையில் தெரியும் பேராசிரியரிடம் கேள்வி கேட்க முடியாது. இங்கே முப்பது பேர், பாடம் நடத்துகிறவரே லேபுக்கும் வந்து பக்கத்தில் நிற்பார், மைக்ராஸ்கோப்பை எப்படிப் பிடிப்பது என்று கையைப் பிடித்துக் காட்டுவார். டிஏவாக இருந்த என்னைவிட அவர்கள் நன்றாகச் சொல்லிக்கொடுப்பார்கள், சத்தியமாக.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல கல்லூரிகளில் மேஜர், அதாவது அதையே முக்கியப் பாடமாக எடுக்கும், மாணவர்களுக்கான பயாலஜி இரண்டு அல்லது மூன்று பாடங்களின் தொடராக வரும், தொடர் முழுவதும் முடித்தால்தான் யூசி தன் முதலாண்டு பயாலஜிக்கு ஈடாக எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கோடையில் முடித்துவிட்டு ஃபாலில் யூசிக்குத் திரும்பினால் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால். சம்மரில் எல்லாத் தொடரும் ஓடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொரு பொறி, பயாலஜி 10 என்ற மாதிரி எண்ணோடு வருகிற, மேஜர் அல்லாதவர்களுக்கான எளிய பயாலஜி. அதிலும் லேப் இருக்கும், பெயரும் பயாலஜிதான், சீட்டும் சுலபமாகக் கிடைக்கும். என் தோழி மகன் அதை முடித்து ஏ பிளஸ் வாங்கி வந்து நின்றான். மேஜருக்கு அது ஒன்றுக்கும் உதவவில்லை. எந்தப் பாடம் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் தளத்தில் கல்லூரியையும் யூசியையும் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்காமல் ஆறு வாரத்தைச் செலவழித்தான்.

மார்க் கணக்கிலும் ஒரு நுணுக்கம். வெளியே எடுத்த பாடத்தின் யூனிட் யூசியில் சேரும், கிரேடு யூசி ஜிபிஏவில், அதாவது மதிப்பெண் சராசரியில், சேராது. அதனால் கம்யூனிட்டி காலேஜில் வாங்கிய ஏ, விழுந்து கிடக்கிற யூசி ஜிபிஏவைத் தூக்காது. அங்கே வாங்கிய சி அதைக் கெடுக்கவும் கெடுக்காது, ஆனால் அதற்காக ஒளித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். மருத்துவக் கல்லூரி விண்ணப்பங்களை வாங்கும் பொதுச் சேவையான ஆம்காஸ், பள்ளிக் காலத்தில் எடுத்த கல்லூரிப் பாடம் உட்பட எல்லாக் கல்லூரியின் கிரேடையும் கேட்டு வாங்கித் தன் கணக்கைத் தானே போடும். திரும்ப எடுத்த பாடமென்றால் இரண்டு கிரேடையும் சேர்க்கும். சில மருத்துவக் கல்லூரிகள் அடிப்படை அறிவியல் பாடங்களை நான்காண்டுக் கல்லூரியில் எடுத்திருப்பதையே விரும்புகின்றன. ஒன்றிரண்டு பாடம் இங்கே எடுத்ததால் யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள், ஆனால் கஷ்டமான பாடங்களை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கிக் கோடையில் வெளியே தள்ளியது போலத் தெரிந்தால் நன்றாயிருக்காது.

விசா விஷயம் நம் வீடுகளில் யாரும் முதலில் சொல்லமாட்டார்கள், கடைசியில் தயங்கித் தயங்கித்தான் வரும். சென்னையிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் நேரே வந்த பிள்ளைகளுக்கு இந்த 46 டாலர் கதையே பொருந்தாது. வெளிநாட்டு மாணவர் கட்டணம் சேர்ந்து யூனிட்டுக்குச் சில நூறாகிவிடும், அதற்குச் சொந்தப் பல்கலைக்கழகமே மேல். அவர்களுக்கு கோடை என்பது விசா விதிப்படியே விடுமுறைதான், சேர்ந்த முதல் பருவமே சம்மராக இல்லாதவரை முழு நேரப் பாடம் எடுத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி ஊருக்குப் போய் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வருவதையும் ஒரு தேர்வாகவே நான் மதிக்கிறேன்.

எச்-4, அதாவது வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்குத் தரும் விசாவில் இருக்கும் பிள்ளைகள் கதை இன்னும் கொடுமை. சிறு வயதில் வந்து, இங்கேயே படித்து, கிரீன் கார்டு வரிசையில் அப்பாவோடு சேர்ந்து நிற்கிறவர்கள். கூடப் படிக்கிற பையன்கள் கோடையில் ஆர்ஈயூ போவார்கள், அதாவது என்எஸ்எஃப் என்ற அமெரிக்க அரசின் அறிவியல் நிதி அமைப்பின் பணத்தில் வேறொரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் பத்து வாரம் போலச் சம்பளத்தோடு ஆராய்ச்சி. அது குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டும். எச்-4-இல் சம்பள வேலையும் செய்யக்கூடாது, படிக்க மட்டும் தடையில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு சம்மர் பாடம் என்பது உண்மையாகவே பயனுள்ள வழி. கூடவே ஒரு பேராசிரியரிடம் போய், கிரெடிட்டுக்காக ஆய்வகத்தில் சேர முடியுமா என்று கேட்கச் சொல்லுங்கள். சம்பளம் இல்லாமல் யூனிட்டாக வாங்கிக்கொள்கிற ஆராய்ச்சி படிப்புக் கணக்கில்தான் வரும், கையெழுத்துப் போடும் முன் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஆர்ஈயூ கிடைக்கக்கூடிய பிள்ளை என்றால் நான் யோசிக்காமல் சொல்வேன், பாடத்தை ஃபாலுக்குத் தள்ளிவிட்டு அதற்குப் போ. பாடம் ஒவ்வொரு பருவமும் வரும்.

இன்னொரு வழி இருக்கிறது. இதைப் பற்றி யாரும் கேட்பதில்லை, கேட்காவிட்டாலும் நான் சொல்வேன். கடற்கரையிலும் காட்டிலும் பல்கலைக்கழகங்கள் நடத்தும் கள நிலையங்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்கு டக்ளஸ் ஏரிக்கரையில் 1909-லிருந்து ஒன்று இருக்கிறது. கொலராடோ மலைமேல் காத்திக் என்ற பழைய சுரங்க ஊரில் 1928-லிருந்து ஒன்று, அங்கே மர்மாட் என்ற மலை அணில்களை 1962-லிருந்து விடாமல் பின்தொடர்கிறார்கள். கனடாவில் வான்கூவர் தீவின் பாம்ஃபீல்டில் ஐந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது ஒன்று. எனக்குக் கொஞ்சம் நெருக்கமாகத் தெரிந்தது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஃபிரைடே ஹார்பர், ஏனென்றால் என் அண்ணன் மகள் அங்கே ஒரு கோடை முதுகெலும்பில்லாத உயிர்கள் பற்றிய பாடத்துக்குப் போனாள்.

அந்தப் பாடத்தை ஃபாலில் எடுக்க முடியாதா என்று அண்ணன் கேட்டார், பணத்தைப் பார்த்துவிட்டு. எடுக்கலாம், ஃபார்மலின் ஜாடியில். ஃபிரைடே ஹார்பரில் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்த ஓதங்கள் கோடையில் பட்டப்பகலில் வரும், குளிர்காலத்தில் அவையே நடுராத்திரியில் வரும். ஜூனில் ஒரு காலை பத்து பதினொரு மணிக்குக் கடல் பின்வாங்கிப் போய், மற்ற நாளெல்லாம் தண்ணீருக்கடியில் கிடக்கும் பாறைகள் வெயிலில் நிற்கும். ஊதாவும் ஆரஞ்சுமாக நட்சத்திர மீன்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். கிளிஞ்சல் என்று நினைத்து மிதித்தது கைட்டன் என்ற ஓட்டுப் பிராணியாக இருக்கும். சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு ஒரு கொட்டலசை வைத்து ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால், மேல்மூடி திறந்து, இறகு மாதிரி ஒன்று வெளியே வந்து தண்ணீரைத் துழாவி உள்ளே போகும். அது அதன் கால். தலையைப் பாறையில் ஒட்டிக்கொண்டு காலால் சாப்பாட்டை வாரிச் சாப்பிடுகிற பிராணி. "அத்தை, இதை நான் மூணு தடவை எக்ஸாமுக்கு மனப்பாடம் பண்ணியிருக்கேன், இன்னிக்குத்தான் தெரிஞ்சுது" என்று அன்று ராத்திரி எழுதியிருந்தாள்.

பிகுளோ பச்சை வெளிச்சத்தைச் சொன்னேனே, அதன் பிறந்த வீடும் இதுதான். 1961 கோடையில் ஜப்பானிய விஞ்ஞானி ஓசாமு ஷிமோமுரா, பிரின்ஸ்டனில் தன்னை வேலைக்கு எடுத்த ஃபிராங்க் ஜான்சனோடு, நாட்டைக் குறுக்கே காரில் கடந்து ஃபிரைடே ஹார்பருக்கு வந்தார். நம் ஊர்க் கடற்கரையில் சொறி என்பார்களே, அந்த ஜெல்லிமீன் வகையில் ஓரம் ஒளிர்கிற ஒன்றைப் படகுத்துறையில் வலைபோட்டு அள்ளி, ஒளிரும் ஓரத்தை மட்டும் வளையமாகக் கத்தரித்துப் பிழிந்தார்கள். எதுவும் சரிப்படாமல் ஒருநாள் கரைசலைத் தொட்டியில் கொட்ட, அங்கே மீன்தொட்டியிலிருந்து வழிந்த கடல்நீர் பட்டதும் பளீரென்று நீலமாக மின்னியது. கடல்நீரில் உள்ள கால்சியம்தான் சாவி என்று பிடித்துக்கொண்டார். அந்த ஒரு கோடையில் சுமார் 10,000 ஜெல்லிமீன். அந்தச் சாற்றைச் சுத்தப்படுத்தும்போது பக்கத்தில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் பச்சைப் புரதம், அதற்குத்தான் 2008-இல் வேதியியல் நோபல்.

இதன் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். விலை அதிகம், பாடக் கட்டணத்துக்கு மேல் தங்குமிடம், சாப்பாடு, அனகார்ட்டஸ் வரை போய்ப் படகு பிடிக்கும் செலவு. உதவித்தொகை உண்டு, ஆனால் குளிர்காலத்திலேயே விண்ணப்பித்திருக்க வேண்டும், மார்ச்சில் என்னைக் கேட்டால் அந்த வருடத்துக்குத் தாமதமாகியிருக்கும். முதலாண்டு பயாலஜி தேவையை இது தீர்க்காது, இது அதற்குப் பிறகான மேல்வகுப்புப் பாடம். ஆறு நாளும் காலையிலிருந்து இரவு வரை வேலை, அதோடு வேறு எதையும் எடுக்க முடியாது. மெடிசின்தான் என்று முடிவெடுத்துவிட்ட பிள்ளைக்கு நட்சத்திர மீன் எதற்கு என்று அண்ணன் கேட்டது போல நீங்களும் கேட்கலாம். சைவப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கிடைக்கிறது, ஆனால் ஒரு பாட்டில் ஆவக்காய் கொடுத்து அனுப்புங்கள், எங்கள் பெண் கொண்டுபோனது இரண்டாவது வாரமே பொது ஊறுகாயாகிவிட்டது.

அப்போ நேரே கேட்கிறவர்களுக்கு நேராகவே சொல்கிறேன். கையில் காசு குறைவு, மாநிலவாசி, ஏபி பயாலஜி தெரியும், தொடர் முழுவதும் அங்கேயே முடிக்க வழி இருக்கிறது என்றால் கம்யூனிட்டி காலேஜ், வேறு எதையும் யோசிக்காதீர்கள். ஃபாலில் அடுத்த பாடத்துக்குப் போக இந்த ஒரு பாடம் முன்நிபந்தனையாக வழியை மறித்து நிற்கிறது என்றால் சொந்தப் பல்கலைக்கழகத்தின் எட்டு வார செஷன், அந்த ஒரு பாடம் மட்டும். நிதியுதவி வாங்குகிற பிள்ளை என்றால் திருப்பித் தர வேண்டாத அரசு உதவியான பெல் கிரான்ட் 2017-லிருந்து கோடைக்கும் மறுபடி கிடைக்கிறது, கடன் வேண்டுமானால் குறைந்தது பாதி நேரமாவது, அதாவது 6 யூனிட், எடுத்திருக்க வேண்டும் என்பார்கள், அந்த 6-க்காகத் தேவையில்லாத பாடத்தைச் சேர்த்து மாட்டிக்கொள்ள வேண்டாம். ஆறு வார செஷனில் முதல் பயாலஜியை எடுக்கலாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை, இனியும் சொல்லப்போவதில்லை. "சீனியர் எடுத்து ஏ வாங்கினான்" என்று உங்கள் பையன் சொல்வான். அந்தச் சீனியரிடம் இப்போது செல் சுவாசத்தில் ஆக்சிஜன் எங்கே தண்ணீராகிறது என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் "சீக்கிரம் முடித்துவிடலாம்" என்பது மட்டும்தான் காரணம் என்றால் ஃபால்.

எங்கே எடுத்தாலும் சிலபஸ் பிடிஎஃபை அன்றைக்கே இறக்கி இரண்டு இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், லேப் பட்டியலோடு. இரண்டு வருடம் கழித்து ஈடு கேட்கும் அலுவலகம் அதைத்தான் முதலில் கேட்கும், அதற்குள் வகுப்பின் ஆன்லைன் பக்கம் மூடப்பட்டிருக்கும், நடத்தியவர் வேறு கல்லூரிக்குப் போயிருப்பார். அப்புறம் சம்மர் வகுப்பில் இடமில்லை, வெயிட்லிஸ்ட்டில் பன்னிரண்டாவது என்று வந்தால் சோர்ந்துவிடாமல் முதல் நாள் முதல் லேபுக்கு நேரில் போய் நிற்கட்டும். எங்கள் லேபில் முதல் நாள் வராதவர்கள் பெயரை அன்றைக்கே அடித்துவிடுவோம். அந்த இடத்தை வாசலில் நிற்கிறவர்களுக்குத்தான் கொடுப்போம்.